பானையில் வந்த பாட்டு

கடத்தூரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் முன்னறை ஒரு சினிமாக் கொட்டாய் ஆனதற்குக் காரணம் நான்தான். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் படம் மாறும்போதெல்லாம் டென்ட்டுக் கொட்டாய்க்குப் போய்விடுவோம். மகன் பிறந்தபின் நான் வர மறுத்தேன். பீடிப் புகையும், மணலில் துப்பிய வெற்றிலை எச்சிலும், இடைவேளையில் முறுக்குத் தட்டோடு ஆள்மேல் ஏறி நடக்கிறவர்களும் இருக்கும் இடத்தில் கைக்குழந்தையோடு உட்கார எனக்குத் தைரியமில்லை. "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றேன். ஓரிரு தடவை போனார். பிறகு அதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தனியா உக்காந்து சிரிச்சா பக்கத்துல இருக்கறவன் ஒரு மாதிரியா பாக்கறான்" என்றார்.

எனக்கு அது உறுத்தியது. அவருக்கென்று இருந்த ஒரே ஆசையைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றும். உடனே, புகையில் உட்காரவைத்துக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றும் தோன்றும். எதையும் இரண்டு பக்கமும் யோசித்து, இரண்டு பக்கமும் பயந்து, கடைசியில் வேறு யாராவது முடிவு செய்யட்டும் என்று காத்திருப்பது என் சுபாவம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் இருந்தேன். குழந்தை உளவியல் எனக்குப் பிடித்த பாடம். எந்த மாதத்தில் குழந்தை தவழும், எந்த மாதத்தில் எத்தனை சொல் பேசும் என்பதெல்லாம் மனப்பாடம். பெற்ற பிறகு அந்தப் படிப்பு எனக்குத் தந்தது பெரும்பாலும் பயம்தான்.

என் கணவருக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. விடியுமுன் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். மீதிப் பகல் அவருடையது. "நாம கொட்டாய்க்குப் போக முடியலைன்னா கொட்டாய வூட்டுக்குக் கொண்டாந்துடலாம்" என்று ஒருநாள் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி வீட்டிலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோதுதான் விளையாட்டில்லை என்று தெரிந்தது. மரப்பெட்டிக்குள் இருந்த டிவி அது. முன்னால் இழுத்து மூடும் கதவு. கதவில் ஒரு பலகை பெயர்ந்திருந்ததால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்தது.

அவர் செய்தது எல்லாமே இருப்பதை வைத்துச் செய்ததுதான். ஜன்னல்களுக்கு உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து, ஆணியில் மாட்டினார். பகலிலேயே அறை இருட்டாகிவிட்டது. கலர் டிவி எங்களால் ஆகாது. அதனால் சந்தையில் விற்ற மூன்று வண்ண பிளாஸ்டிக் தாளை வாங்கித் திரையில் ஒட்டினார். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, அடியில் பச்சை. வானம், மனிதர், புல் என்ற கணக்கு. கதாநாயகன் நின்றால் முகம் நீலம், உட்கார்ந்தால் ஆரஞ்சு, அடிபட்டு விழுந்தால் பச்சை. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "செத்தவன் யாரு, தூங்கறவன் யாருன்னே தெரியலீங்க" என்றாள். தரையில் நான் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். அதைத் தாண்டி டிவிக்குக் கிட்டே யாரும் உட்காரக் கூடாது, கண் கெட்டுவிடும். கோடு இன்னும் ஓர் அடி தள்ளி இருக்க வேண்டுமோ என்று அழித்து அழித்துப் போட்டேன்.

ஆன்டெனாவைச் சவுக்குக் கம்பத்தில் கட்டி ஓட்டுக்கு மேலே உயர்த்தினோம். பெங்களூர்ப் பக்கமாகத் திருப்பினால் கன்னடம் கொஞ்சம் தெளிவாக வந்தது. படம் பார்க்க வேண்டுமென்றால் மாதம் ஒரு ஞாயிறு வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, கம்பளியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கொண்டு வருவார். கூடவே கேசட் இரண்டு.

சத்தம்தான் குறை. அந்த டிவியின் ஸ்பீக்கரில் பேச்சு கணீரென்று வரும், ஆனால் தகரத்தைத் தட்டியது போல இருக்கும். டென்ட்டுக் கொட்டாயில் தவில் அடித்தால் நெஞ்சில் விழுமே, அது இல்லை. அதற்கு அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் சலூன்களிலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மண்பானையின் வாயில் ஸ்பீக்கரை வைத்துக் கட்டிவிடுவார்கள். பானை முழுக்க சத்தம் சுற்றி, கீழ்ச்சுருதி கனமாக வரும். பாட்டு ஓடும்போது பானையைத் தொட்டால் கை அதிரும். கணவருக்கு அந்த யோசனை வந்ததும் மூவருமாகக் கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போனோம். மகன் என் இடுப்பில். பானை விற்றவர் கேட்டார்.

"தண்ணிக்குங்களா, பொங்கலுக்குங்களா?"

"பாட்டுக்குங்க."

அவர் சிரிக்கவே இல்லை. "பாட்டுக்குன்னா ஓட்டப் பானையே போதுங்களே. பாதி வெலைக்குத் தர்றேன்."

"ஓட்டையா இருந்தா பாட்டு ஒழுகிடுங்க" என்றார் என் கணவர்.

நல்ல பானையாகவே வாங்கி வந்தோம். பழைய ஸ்பீக்கர் ஒன்றை அதில் பொருத்தி, மூலையில் வைக்கோல் பிரிமணைமேல் உட்காரவைத்தார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். மேலே தள்ளினால் சத்தம் டிவியில் வரும். கீழே தள்ளினால் பானையில் வரும்.

முதல் ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டு, சாக்குகளை இறக்கிவிட்டுப் படம் போட்டோம். பக்கத்து வீட்டு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் என் மகன் கோட்டைத் தாண்டி, டிவியைத் தாண்டி, நேராகப் பானையிடம் போனான். இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். பாட்டு முடிகிற வரை அசையவில்லை.

"பாத்தியா, பாட்டுப் பைத்தியம்" என்று என் கணவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கும் சந்தோஷம்தான். அதற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. அவனுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் போடுவான், அழுவான், சிரிப்பான். ஆனால் அம்மா என்றோ தா என்றோ வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்பமாட்டான். எனக்கு மாதக் கணக்கு மனப்பாடமாக இருந்ததால் தினமும் அவன் வயதை எண்ணிக்கொண்டே இருந்தேன். எங்களோடு இருந்த மாமியாரிடம் சொன்னால், "இவங்கப்பன் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப மூட வெக்க முடியுதா?" என்பார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார். பக்கத்து வீட்டு அக்கா அவர்கள் கோயில் மணியைக் கவிழ்த்து அதில் ஊற்றிய தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டு வந்தாள். குடித்தால் பேச்சு வருமாம். சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று ஒரு பயம். கொடுக்காமல் விட்டு அதனாலேயே பேச்சு வராமல் போனால் என்று இன்னொரு பயம். சிலுவை போட்டுவிட்டுக் கொடுத்தேன்.

காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போட்டுப் பார்த்திருக்கிறேன். திரும்பினான். வீட்டு வாசலில் லாரி போனால் திரும்பினான். அப்படியென்றால் கேட்கிறது. கையைத் தட்டினால் திரும்பவில்லை. அப்படியென்றால் கவனிக்கவில்லை. இப்படி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தீர்ப்பு.

பானை வந்தபின் தீர்ப்பு ஒன்றே ஆகிவிட்டது. காது கேட்காத குழந்தை பாட்டைக் கட்டிக்கொண்டு கிடக்குமா? நான் முகம் வாடி உட்கார்ந்தால் மாமியார், "பாட்டு கேக்கற அழகப் பாத்துமா உனக்கு மனசு அடங்கல?" என்பார். கணவர் வேலைவிட்டு வந்ததும் ரேடியோவின் வயரையும் பானையோடு இணைத்துவிடுவார். மகன் ஓடிப்போய்ப் பானையைக் கட்டிக்கொள்வான். சில பாட்டுக்கு அதிகம் சிரிப்பான், சில பாட்டுக்கு எழுந்து போய்விடுவான். "ராகம் தெரியுது இவனுக்கு" என்றார் கணவர். நானும் நம்பினேன். நம்புவது எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மூன்று மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு தவக்காலம் வந்தது.

சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து வந்ததும் என் மாமியார் ஊதாநிறப் பழஞ்சேலை ஒன்றை எடுத்து டிவியை மூடினார். ஈஸ்டர் வரை வீட்டில் கறி கிடையாது, பூ கிடையாது, சினிமா கிடையாது. அவர்கள் ஊரில் அவர் பிறந்ததிலிருந்து அப்படித்தான். டெக் எடுக்கும் பேச்சே இல்லை. கணவர் ஒத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலச் செய்தியை விட அவருக்கு மனம் வரவில்லை.

"செய்தி பாக்கறது பாவமாம்மா?"

"அதுலயும் பொம்பளைங்க பவுடர் பூசிக்கிட்டுத்தான் வர்றாங்க."

"அவங்க பவுடரு, அவங்க பாவம்."

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். செய்தி பார்க்கலாம். ஆனால் பானை கூடாது. "அது கேட்டா காலு தானா ஆடுது. தவக்காலத்துல ஆடற வூடா இது?" என்றார் மாமியார். கணவர் சுவிட்சை மேலே தள்ளினார். அன்றிலிருந்து சத்தம் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் சேலையை விலக்கி டிவி போட்டதும் மகன் வழக்கம்போல மூலைக்கு ஓடினான். பானையைக் கட்டிக்கொண்டான். கன்னத்தை வைத்தான். பிறகு கன்னத்தை எடுத்து அடுத்த கன்னத்தை வைத்தான். உள்ளங்கையால் தட்டினான். சுற்றிப் போய் அந்தப் பக்கம் கட்டிக்கொண்டான். எங்களைத் திரும்பிப் பார்த்து அழத் தொடங்கினான்.

"பாவம், பானைப் பாட்டுக்கு ஏங்குது" என்றார் மாமியார்.

"ருசி கண்டுட்டான்" என்று கணவர் சிரித்தார்.

நான் அடுப்படி வாசலில் அரிசி முறத்தோடு நின்றிருந்தேன். செய்தி முடிந்து ஏதோ கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கம் அறையெங்கும் கேட்டது. சத்தம் இங்கே இருக்கிறதே, இவன் ஏன் அங்கே தேடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு முறத்தில் கல் எது அரிசி எது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. பையனுக்குச் சளி என்று சொல்லி நான் வீட்டில் இருந்துகொண்டேன். மாமியாரும் கணவரும் போனபின் டிவியைப் போட்டேன். சுவிட்சை மேலே வைத்து, சத்தத்தைக் கூட்டினேன். மகன் எனக்கு முதுகு காட்டி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் கூட்டினேன். ஓடு அதிர்ந்தது போல இருந்தது எனக்கு. அவன் ஐந்தாவது டம்ளரை நாலாவதன்மேல் வைத்தான்.

சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. "ஏங்க்கா, சிலுவைப்பாத நேரத்துல என்னங்க இவ்ளோ சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்க்கா, குமிழு மாட்டிக்கிச்சு" என்றேன்.

குறைத்தேன். மகனைத் தூக்கிப் பானைக்கு அருகில் உட்காரவைத்தேன். சுவிட்சைக் கீழே தள்ளினேன். அவன் கை பானையில் பட்டதும் சிரித்தான். மேலே தள்ளினேன். சிரிப்பு நின்றது. கீழே. சிரித்தான். மேலே. என்னைப் பார்த்தான். நான் அவனை ஏமாற்றுவதாக நினைத்திருக்க வேண்டும், உதடு பிதுங்கியது. அதற்குமேல் செய்ய மனம் வரவில்லை. கீழேயே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பானையில் கையை வைத்தேன். கன்னடத்தில் யாரோ பருத்திப் பூச்சி மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு என் கையில் வெறும் துடிப்பாக வந்தது. அதைத்தான் அவன் இத்தனை நாள் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அப்படியும் எனக்கு நிச்சயம் வரவில்லை. சளியினால் இருக்குமோ? விளையாட்டு கவனத்தில் திரும்பவில்லையோ? நானே பயத்தில் பார்க்கிறேனோ? மறுநாள் சாயங்காலம் மாமியார் பக்கத்து வீட்டில் இருந்தபோது கணவரிடம், "இந்தச் சுவிட்ச கொஞ்சம் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் கண்ணும் என் கண்ணாகிவிடும்.

அவர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். கீழே, மேலே, கீழே, மேலே. பிறகு சிரிப்பில்லாமல் செய்தார். பிறகு டிவிச் சத்தத்தை முழுக்க வைத்து, மகனின் பின்னால் போய் நின்று, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்னும் ஒருமுறை கூப்பிட்டார். மகன் பானையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கணவர் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் ஆன்டெனாக் கம்பத்தின் கயிற்றை இழுத்துக் கட்டினார். அது தளர்ந்திருக்கவில்லை.

உள்ளே வந்ததும், "சளி அடைச்சிருக்கும்" என்றார்.

"இருக்கலாங்க."

"ராகம் தெரியுதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். எனக்கும் அதே ஆறுதல் வேண்டியிருந்தது என்பதால் அவரைக் குறைசொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக வேறு யாராவது முடிவு செய்யும்வரை நான் காத்திருக்கவில்லை. "பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. ஈஸ்டர் முடியட்டும்னு இருக்க வேண்டாம். இந்த வாரமே" என்றேன். மாமியார் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டுப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"டாக்டரு ஒரு வார்த்த சொல்லிட்டா அதான் அதுக்குப் பேரு ஆயிடும் கண்ணு. ஊரு கூப்பிடும். நாளைக்குப் பொண்ணு குடுக்கறவன் வரைக்கும் கூப்பிடுவான். பேச்சு வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"கேக்காம எப்பிடிங்க அத்த பேச்சு வரும்?"

அவரிடம் நான் எதிர்க்கேள்வி கேட்டது அதுவே முதல். சொன்ன உடனே தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். அவர் எழுந்துபோய் எங்கள் பயணத்துக்குப் புளிச்சாதம் கட்ட அரிசி எடுத்துவைத்தார்.

தருமபுரி போய், அங்கிருந்து பெங்களூர் பஸ். ஓசூர் தாண்டும் வரை மகன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். கம்பியின் அதிர்வைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று இப்போது தெரிந்தது. இன்னும் எத்தனை விஷயங்களை இவன் கையால் கேட்டுக்கொண்டிருக்கிறானோ என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் மெத்தை தைத்த ஓர் அறையில் என் மடியில் அவனை வைத்துச் சோதித்தார்கள். பின்னாலிருந்து மணி, கிலுகிலுப்பை, பிறகு சின்ன மேளம். மணிக்கு ஒன்றுமில்லை. கிலுகிலுப்பைக்கு ஒன்றுமில்லை. மேளத்துக்கு என் மடியில் அவன் உடம்பு லேசாக விறைத்ததை உணர்ந்தேன். சோதித்த அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். "பூரா இல்லேன்னு இல்லம்மா. ஸ்வல்ப கேக்குது. பெரிய சத்தம், அடிச் சத்தம், அது கொஞ்சம் போகுது உள்ளே."

பானையைப் பற்றிச் சொன்னேன். அசட்டுத்தனமாக இருக்குமோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "ஒவ்வொரு வூட்லயும் ஒண்ணு இருக்கும். இடிக்குத் திரும்பறான்னு ஒருத்தரு, ரயிலுக்குத் திரும்பறான்னு ஒருத்தரு. அத நம்பி அஞ்சு வயசு ஆறு வயசுல கூட்டிட்டு வருவாங்க. நீங்க சீக்கிரம் வந்தீங்க" என்றார். சீக்கிரம் என்ற அந்தச் சொல்லைப் பஸ்ஸில் திரும்பி வரும்போது எத்தனை முறை நினைத்தேனோ தெரியாது. நினைக்க நினைக்க அது இன்னும் சீக்கிரமாக இருந்திருக்கலாமே என்றும் தோன்றிக்கொண்டேயிருந்தது.

அடுத்த முறை போனபோது காது மிஷின் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடப் பெரிய டப்பா ஒன்று மார்பில், அதிலிருந்து வயர் காதுக்கு. அதற்காக ஒவ்வொரு சட்டையிலும் நான் ஒரு பை தைத்தேன். முதல் வாரம் முழுக்க அதைப் பிடுங்கி எறிந்தான். தட்டு விழுந்தால் அலறினான். அதுவரை சத்தமில்லாமல் இருந்த உலகம் திடீரென்று அவனைத் திட்டுவது போல இருந்திருக்கும். நாங்கள் செய்வது சரிதானா என்று அந்த வாரம் பல தடவை டப்பாவைக் கழற்றிவைத்து, பல தடவை மாட்டினேன்.

அந்த ஆஸ்பத்திரி அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். மிஷின் மட்டும் போதாது. வெளிச்சத்தில், அவன் முகத்துக்கு நேராக, உங்கள் வாய் அவனுக்குத் தெரிகிற மாதிரி, செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருங்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தக்காளி அரியும்போது தக்காளி என்று சொல்லவும், தண்ணீர் ஊற்றும்போது தண்ணீர் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. மாமியார்தான் முதலில் பழகினார். அவனை எதிரில் உட்காரவைத்து, கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை முழுவதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவன் அவருடைய பல்லில்லாத வாயை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். யார் என்ன பேர் வைப்பார்கள் என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

ஈஸ்டர் வந்து போயிற்று. டெக் எடுத்த முதல் ஞாயிறு என் கணவர் ஜன்னல்களிலிருந்து சாக்குகளைத் தானே கழற்றி மடித்துவைத்தார். நான் கேட்கவில்லை. வெளிச்சத்தில் படம் சாம்பல்போல வெளிறித் தெரிந்தது.

"என்னங்கண்ணா, கொட்டாய்க்குக் கூரைய பிச்சிட்டீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"எங்க வூட்ல ஒரு ஆளுக்கு உங்க வாயெல்லாம் தெரியணும்" என்றார்.

அவள் சேலைத் தலைப்பைத் தலைமேல் போட்டு நிழல் செய்துகொண்டு படம் பார்த்தாள். நான் மகனை எதிரில் உட்காரவைத்து, டிவிக்கு முதுகு காட்டி, படத்தை அவனுக்குச் சொன்னேன். திருடன் வருகிறான். ஓடுகிறான். அம்மா அழுகிறாள். எல்லோருக்கும் இடைஞ்சல்தான். நான் குரலைத் தாழ்த்தியபோதெல்லாம் பின்னாலிருந்து அவள், "சும்மா சொல்லுங்க்கா, எங்களுக்கும் கதை புரியுது" என்பாள். அப்படிப் பல ஞாயிறுகள் போயின. அவன் என் வாயைப் பார்த்தான். சில நேரம் தன் வாயைத் திறந்து மூடினான். சத்தம் வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் கரண்ட் நின்றது. திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில், "போச்சு" என்றார்கள். பிறகு எல்லோரும் அலுப்போடு அமைதியானோம். அந்த அமைதியில் என் எதிரிலிருந்து, "ஓச்" என்று ஒரு சத்தம் வந்தது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஏப்பமா இருக்கும்" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான்.

"ஏப்பம் இல்ல" என்றார் மாமியார்.

கரண்ட் வந்தது, படம் ஓடியது, கதாநாயகி பிழைத்தாளா என்பதை நான் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனிடம் போச்சு, போச்சு என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தான். அவ்வளவுதான். ஒருவேளை ஏப்பம்தான். ஒருவேளை மூச்சு. எங்கள் ஊரில் கரண்ட் போவதற்கு ஒரு கணக்கும் கிடையாது. வேண்டாதபோது தினமும் போகும். அந்த வாரம் பார்த்துப் போகவே இல்லை.

அடுத்த முறை டெக் எடுத்த ஞாயிறு, அறை நிறைய ஆட்கள். சண்டைக் காட்சி உச்சத்தில் இருந்தது. நான் தண்ணீர் எடுக்கிறவள் போல எழுந்து நடைக்குப் போனேன். மெயின் சுவிட்சின் கைப்பிடி உயரத்தில் இருந்தது. யாராவது பார்த்தால் என்ன சொல்வது, டெக் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் வழக்கம்போல வந்தது. இழுத்துவிட்டேன்.

"போச்சு" என்றது அறை.

நான் கைப்பிடியை விடாமல் நின்றேன். அவர்கள் வாயை அவன் பார்த்திருக்க வேண்டும். அறைக்குள்ளிருந்து சின்னதாக, தெளிவில்லாமல், கேட்கிறவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி, "ஓச்சு" என்று வந்தது.

கைப்பிடியை மேலே தள்ளினேன். கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லோரும் ஏதோ சொன்னார்கள். ஒருமுறை போதுமா என்று எனக்குத் தோன்றியது. மறுபடி இழுத்தேன்.

"என்னங்க்கா இது," என்று பக்கத்து வீட்டு அக்காவின் குரல் இருட்டில்லாத அந்த அறையிலிருந்து வந்தது, "உங்க வூட்டு கரண்டு மட்டும் போயிப் போயி வருது?"

அவளுக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறக்குமுன், "ஓச்சு" என்று அவன் சொன்னான். இந்த முறை யாரும் போச்சு என்று சொல்வதற்கு முன்பே.